ரூபவாஹினிக் குழாயில் ஒரு டிஷ்

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் என் அத்தைக்கு வயது 76. டிவியில் அவர் பார்ப்பவை மூன்றே மூன்று: செய்தி, கச்சேரி, இந்தியா ஆடும் கிரிக்கெட். இந்த மூன்றுக்காக மாதந்தோறும் யாரையாவது கெஞ்சி, செல்போனில் ரீசார்ஜ் செய்யச் சொல்லி, பணத்தைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சென்ற மே மாதம் நான் போயிருந்தபோது டிவித் திரை நீலமாக இருந்தது. கட்டணம் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு நடுவில் மிதந்தது. "தூர்தர்ஷன் பார்ப்பதற்கு எதற்கய்யா காசு? அது அரசாங்கத்து டிவிதானே?" என்று கேட்டார். கேள்வியில் பிழையே இல்லை. கச்சேரியும் செய்தியும் தரும் டிடி தமிழுக்குச் சந்தா எதுவும் கிடையாது. அதை வானத்திலிருந்து இறக்கித் தருகிறவருக்குத்தான் அவர் கட்டிக்கொண்டிருந்தார்.

இறக்குவதற்கு இன்னொரு வழி இருக்கிறது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கிய சேவைக்கு இப்போது டிடி ஃப்ரீ டிஷ் என்று பெயர். ஒருமுறை டிஷ்ஷும் செட்-டாப் பெட்டியும் வாங்கிவிட்டால் மாதக் கட்டணம் இல்லை. முன்பு வேறு செயற்கைக்கோள்களில் இருந்த சேவை இப்போது ஜிசாட்-15 வழியாக வருகிறது. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன் ராக்கெட்டில் போன செயற்கைக்கோள் அது. நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. அந்த 93.5 என்ற எண்ணைப் பிடிப்பதுதான் இந்தப் பதிவின் முழுக்கதை. எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. நேராகச் செய்திருந்தால் இரண்டு மணி நேர வேலை.

மொட்டைமாடியில் ஏற்கெனவே ஒரு டிஷ் இருந்தது. கட்டணச் சேவைக்காக மாட்டியது, 60 சென்டிமீட்டர். புது டிஷ் வாங்க வேண்டியதில்லை என்பது எனக்கு உடனே தெரிந்தது. டிஷ் என்பது வளைந்த தகடு, அவ்வளவுதான். எந்தக் கம்பெனியின் முத்திரை குத்தியிருந்தாலும் விழும் அலையைக் குவித்துக் கொடுக்கும். வேறு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகட்டை நமக்கு வேண்டிய பக்கம் திருப்பினால் போதும்.

பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் எனக்கு முன்பே இதை முயன்று பார்த்திருந்தார். ஏதோ ஒரு இந்திக் காணொளியைப் பார்த்து, அதில் சொன்ன கோணத்தில் டிஷ்ஷை வைத்துவிட்டு, "ஒன்றும் வரவில்லை அண்ணாச்சி, பெட்டி பழுதாக இருக்கும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். காணொளி டெல்லிப் பக்கம் எடுக்கப்பட்டது. அங்கிருந்து பார்த்தால் ஜிசாட்-15 தொடுவானத்திலிருந்து சுமார் 52 டிகிரி உயரத்தில் தெரியும். கோவில்பட்டியிலிருந்து பார்த்தால் அதே செயற்கைக்கோள் சுமார் 69 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்கு நாம் அருகில் இருப்பதால் வந்த வேறுபாடு இது. அந்தத் தம்பி அரைநாள் முழுவதும் வெறும் வானத்தைத் தேடியிருக்கிறார்.

திசைக்கோணமும் அப்படித்தான் மாறும். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் டெல்லிக்குச் சுமார் 149 டிகிரி, கோவில்பட்டிக்கு 120 டிகிரி. அதாவது நேர் கிழக்கிலிருந்து 30 டிகிரி தெற்கே. சென்னையில் இருப்பவருக்கு 134, கோயம்புத்தூரில் இருப்பவருக்கு 123 என்று வரும். உயரம் சென்னையில் 68, கோவையில் 67. இவற்றைப் போடுவதற்கு ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கால்குலேட்டரும் போதும். டிஷ் மாட்டிக் கொடுக்கும் தொழிலாளிகள் எந்தக் கணக்கும் போடுவதில்லை. பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்து மாட்டிவிட்டுப் போகிறார்கள். பத்தாயிரம் டிஷ் மாட்டிய கைக்கு அது சரி. முதல் டிஷ் மாட்டும் கைக்குக் கணக்குத்தான் துணை.

டிஷ்ஷைத் தாங்கிய கிளாம்ப் துருப்பிடித்து ஆட்டம் கண்டிருந்தது. சுவரில் புதிதாகத் துளை போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தை மாடியின் தென்கிழக்கு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு இரும்புக் குழாய், ஒன்றரை அங்குலம், சுவரோடு சிமெண்ட் வைத்துப் பூசி நின்றது. "உன் மாமா ரூபவாஹினிக்காக நட்டது."

தென்கோடி மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லே போதும். சென்னைத் தூர்தர்ஷன் 1975-லேயே தொடங்கிவிட்டாலும் அதன் அலை இந்தப் பக்கம் எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி என்ற அரசுத் தொலைக்காட்சி தொடங்கியதும், கடலைத் தாண்டி வந்த அந்தப் படத்துக்காக இருபது முப்பது அடிக் குழாய்கள் வீடுகள்தோறும் முளைத்தன. உச்சியில் மீன்முள் போன்ற ஆன்டெனா, நடுவில் பூஸ்டர் பெட்டி. காற்றடித்தால் ஒருவர் மாடியில் குழாயைத் திருகுவார், இன்னொருவர் கீழேயிருந்து "வந்தது, வந்தது, போய்விட்டது" என்று கத்துவார். எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் நிலையம் வந்தபிறகு எல்லா மீன்முள்ளும் வடக்கே திரும்பிக்கொண்டன. பிறகு கேபிள், பிறகு டிஷ். தரைவழி ஒளிபரப்பு நிலையங்களில் பெரும்பாலானவற்றைப் பிரசார் பாரதியும் 2022-க்குள் மூடிவிட்டது. மாமாவின் ஆன்டெனா எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. குழாயின் மேல்பகுதியும் அறுத்துப் போனது. மாடித் தளத்திலிருந்து ஒன்றே கால் மீட்டர் மட்டும் எஞ்சி நின்றது. டிஷ்ஷுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல.

இன்னொரு வேடிக்கை. ரூபவாஹினியின் கோபுரம் நிற்கும் பிதுருத்தலாகலை மலை கோவில்பட்டியிலிருந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். சுமார் 127 டிகிரி. எனக்கு வேண்டியது 120. மாமா நாற்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்துக்கொண்டிருந்த திசையைத்தான் நானும் பார்க்கப்போகிறேன். சற்றுக் கூடுதலாக அண்ணாந்து.

கடைத்தெருவுக்குப் போய் வாங்கியவை: எம்பெக்-4 வகைப் பெட்டி 1,150 ரூபாய், புதிய எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று, குவிந்த அலையை வாங்கிக் கேபிளில் அனுப்பும் கருவி) 280, ஆர்ஜி-6 கேபிள் 20 மீட்டர் 400, யு-கிளாம்ப் இரண்டு 120, எஃப் கனெக்டர் நான்கு 40. ஆகமொத்தம் 1,990. பழைய எல்என்பியின் மூடி வெயிலில் வெடித்து, உள்ளே எறும்பு குடியிருந்தது; இல்லாவிட்டால் அந்த 280-ம் மிச்சம். பெட்டி வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை. ஃப்ரீ டிஷ்ஷில் பழைய எம்பெக்-2 முறையிலும் புதிய எம்பெக்-4 முறையிலும் சேனல்கள் கலந்து வருகின்றன. எம்பெக்-2 மட்டும் தெரிந்த பெட்டி நூறு இருநூறு ரூபாய் மலிவாகக் கிடைக்கும். ஆனால் எம்பெக்-4 சேனல்கள் அதில் வராது. சில டிவிகளின் முதுகிலேயே மரை போட்ட செயற்கைக்கோள் துளை இருக்கும். அப்படியானால் பெட்டியே வேண்டாம், கேபிளை நேராக டிவியில் முறுக்கிவிடலாம். அத்தையின் டிவிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

திசை பார்ப்பதற்குச் செல்போன் திசைகாட்டியை எடுத்தேன். குழாய்க்குப் பக்கத்தில் நின்றால் ஒரு பக்கம் காட்டியது. இரண்டு எட்டு தள்ளி நின்றால் 13 டிகிரி மாறியது. இரும்புக் குழாய், கைப்பிடிச் சுவருக்குள் இருக்கும் கம்பி, தண்ணீர்த் தொட்டியின் சட்டம் என்று மாடி முழுக்க இரும்பு. காந்த ஊசியை நம்பி அங்கே எதையும் செய்ய முடியாது. அதனால் செயற்கைக்கோள் வரைபடத்தில் வீட்டு மாடியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 120 டிகிரியில் கோடு இழுத்தேன். கோடு ஊருக்கு வெளியே இருக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் இடது விளிம்பை உரசிக்கொண்டு போயிற்று. அதன்பிறகு திசைகாட்டி எதற்கு? தொட்டியின் இடது விளிம்பைப் பார், டிஷ்ஷைத் திருப்பு, முடிந்தது.

தொட்டிக்கும் நமக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் நின்றது. வெட்ட வேண்டுமோ என்று அத்தை கலங்கிவிட்டார். தேவையில்லை. 69 டிகிரி ஏற்றத்தில் பார்க்கும் டிஷ்ஷுக்கு முன்னால், அதைவிட 5 மீட்டர் உயர்ந்த மரம் இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே அலை தலைக்கு மேலே வந்துவிடும். வேம்பு ஏழெட்டு மீட்டர் தள்ளி இருந்தது.

உயரக் கோணத்தில் எல்லாருக்கும் ஒரு குழப்பம் வரும். 69 டிகிரி என்றால் டிஷ் ஏறக்குறைய மல்லாந்து படுத்திருக்க வேண்டுமே என்று தோன்றும். வீட்டு டிஷ்கள் நேர்முகமாகப் பார்ப்பதில்லை. எல்என்பி நடுவில் நின்று நிழல் விழாமல் இருப்பதற்காகக் கீழ்ப்பக்கம் தள்ளிவைத்த வடிவம் அது. முகம் காட்டும் திசையைவிடச் சுமார் 25 டிகிரி மேலே பார்க்கும். ஆகவே தகட்டின் முகம் செங்குத்திலிருந்து 44 டிகிரி பின்னால் சாய்ந்தால் போதும். பின்புறத் தகட்டில் பொறித்திருக்கும் அளவுகோல் இதையெல்லாம் கழித்துத்தான் போடப்பட்டிருக்கும். நான் முள்ளை 69-ல் வைத்து முறுக்கினேன். இங்கேதான் என் தவறு ஒளிந்திருந்தது; அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

பெட்டியையும் சின்ன டிவி ஒன்றையும் மாடிக்கே கொண்டுபோனேன். கீழே ஒருவர் கத்த, மேலே ஒருவர் திருகும் ரூபவாஹினி முறை இந்தக் காலத்துக்கு ஆகாது. மின்சாரம் கொடுத்ததும் பெட்டி எல்என்பியில் ஷார்ட் என்று சொல்லி அடங்கிவிட்டது. கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தால், வெளிப்பின்னலின் ஒரே ஒரு இழை, தலைமுடி அளவு, நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டி இதே கேபிள் வழியாகத்தான் எல்என்பிக்கு மின்சாரம் அனுப்புகிறது: செங்குத்தாக அதிரும் அலைக்கு 13 வோல்ட், கிடையாக அதிரும் அலைக்கு 18 வோல்ட். நல்ல பெட்டியாக இருந்ததால் தன்னைக் காத்துக்கொண்டது. கனெக்டர் போடும்போது பின்னலை முழுவதுமாகப் பின்னால் மடித்து, நடுக்கம்பி வாயிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்குமாறு வெட்ட வேண்டும். நான் அவசரப்பட்டிருந்தேன்.

பெட்டியில் செயற்கைக்கோள் 93.5, எல்என்பி 9750/10600, அலைவரிசை 11090, செங்குத்து, சிம்பல் ரேட் (தரவு வரும் வேகம்) 29500 என்று கொடுத்தேன். அலைவரிசைகள் அவ்வப்போது மாறுவதுண்டு. எல்என்பி செய்வது எளிய கழித்தல்தான்: வானத்திலிருந்து வரும் 11090 மெகாஹெர்ட்ஸில் 9750-ஐக் கழித்து 1340 ஆக்கிக் கேபிளில் விடுகிறது. 11 ஆயிரத்துச் சொச்சம் மெகாஹெர்ட்ஸ் சாதாரணக் கேபிளில் சில மீட்டர்கூட உருப்படியாகப் போகாது. எல்என்பி அமைப்பில் தவறான எண் இருந்தால் கழித்தல் தப்பும். டிஷ் சரியாக நின்றாலும் பெட்டி வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கும். டிஷ்ஷைத் தொடுவதற்கு முன் இந்தத் திரையை இரண்டு முறை பார்த்துவிடுவது நல்லது.

திரையில் இரண்டு பட்டைகள். ஒன்று ஸ்ட்ரெங்த், இன்னொன்று குவாலிட்டி. டிஷ்ஷை மெல்லத் திருப்பினேன். ஸ்ட்ரெங்த் 82. மகிழ்ச்சியில் கொஞ்சம் அசைத்தேன், 85. குவாலிட்டி சுழியம். இன்னும் நன்றாக வைத்தால் குவாலிட்டியும் வந்துவிடும் என்று எண்ணி 85-ஐ 88 ஆக்குவதற்கு மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றேன். கடைசியில் வெறுத்துப்போய் எல்என்பியின் முன்னால் கையை வைத்து மூடினேன். ஸ்ட்ரெங்த் 84!

அந்தப் பட்டை சொல்வது செயற்கைக்கோளைப் பற்றி அல்ல. கேபிளில் மொத்தமாக எவ்வளவு ஆற்றல் வருகிறது என்பதை மட்டும் அது அளக்கிறது; எல்என்பி தன் சொந்த இரைச்சலைப் பெருக்கி அனுப்புவதும் அதில் சேர்த்தி. டிஷ்ஷைத் தரையைப் பார்த்து வைத்தாலும் 80 காட்டும். கேபிளும் எல்என்பியும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு மேல் அதில் செய்தி எதுவும் இல்லை. குவாலிட்டிதான் நாம் கேட்ட அலைவரிசையைப் பெட்டி பிழையில்லாமல் பிரித்தெடுக்கிறதா என்று சொல்கிறது. பெட்டி தயாரிப்பவர்கள் ஸ்ட்ரெங்த் பட்டையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டால் நாட்டில் எவ்வளவோ கழுத்துவலி குறையும்.

குவாலிட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு மறுபடி தேடினேன். தொட்டியின் விளிம்பிலிருந்து இடமும் வலமும் ஐந்தைந்து டிகிரி. சுழியம், சுழியம். மாலை ஆகிவிட்டது. பெட்டியில் பிளைண்ட் ஸ்கேன் என்ற வசதி இருந்தது. எந்த அலைவரிசையும் கொடுக்காமல், கேபிளில் வருவதை அதுவே துழாவி எடுக்கும். டிஷ்ஷைத் தொட்டிக்குச் சற்று இடப்பக்கம் வைத்து அதை ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பட்டியல் நிறையச் சேனல்கள். எல்லாவற்றின் தலையிலும் டாலர் குறி! பூட்டிய சேனல்கள். 95 டிகிரியில் நிற்கும் எஸ்இஎஸ்-8, கட்டணச் சேவையின் செயற்கைக்கோள். இன்னொரு பக்கம் 91.5 டிகிரியில் மீசாட். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம்முடையது ஒதுங்கி நிற்கிறது.

பூட்டிய சேனல்களைப் பார்த்து அவ்வளவு மகிழ்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இருட்டில் துழாவிக்கொண்டிருந்தவனுக்கு ஊரின் எல்லைக்கல் கையில் தட்டியதுபோல இருந்தது. 95-லிருந்து 93.5-க்குப் போக வேண்டும். ஒன்றரை டிகிரி.

அன்றிரவு தூக்கம் வராமல் காகிதத்தில் கணக்குப் போட்டபோது ஒன்று புரிந்தது. கோவில்பட்டியிலிருந்து 95 டிகிரிச் செயற்கைக்கோள் 67.3 டிகிரி உயரத்தில் இருக்கிறது, 93.5 டிகிரிச் செயற்கைக்கோள் 68.8-ல். நம் ஊரில் செயற்கைக்கோள் வரிசை பக்கவாட்டில் ஓடவில்லை, படிக்கட்டு மாதிரி செங்குத்தாக ஏறுகிறது. பக்கத்துச் செயற்கைக்கோளுக்குப் போக டிஷ்ஷைப் பக்கவாட்டில் தள்ளினால் போதாது, பெரும்பாலும் மேலே தூக்க வேண்டும். வடக்கே சொல்லிக்கொடுக்கும் "அப்படியே வலப்பக்கம் தள்ளு" என்பது இங்கே பாதி உண்மை.

சரி, என் முள் 69-ல்தானே நின்றது? பிறகு எப்படி 67.3-ல் இருப்பது கிடைத்தது?

விடிந்ததும் கொத்தனார் ஒருவரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கிவந்து குழாயின் பக்கத்தில் தொங்கவிட்டேன். ஒரு மீட்டர் நீளத்தில் 3 சென்டிமீட்டர் சாய்வு, 1.7 டிகிரி. அளவுகோல் குழாயை வைத்துத்தான் கோணத்தை அளக்கிறது. குழாயே குனிந்தால் அளவுகோலும் கூடவே குனியும். சாய்ந்திருந்த பக்கம் தென்கிழக்கு. மாமாவின் குழாய் இன்னும் இலங்கையைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிமெண்டைப் பெயர்த்துக் குழாயை நிமிர்த்துவதா, சாய்வைக் கோணத்தில் கூட்டிக்கொள்வதா என்று யோசித்தேன். கூட்டிக்கொள்வது இரண்டு நிமிட வேலை. ஆனால் சாய்ந்த குழாயில் டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் உயரக் கோணமும் கள்ளத்தனமாக மாறும். தேடுவது இரட்டிப்பு வேலையாகிவிடும். குழாயின் அடியில் ஒரு பக்கம் சிமெண்டைக் கொத்தி, ஆப்பு அடித்து, இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு பார்த்து நிமிர்த்திப் பூசினேன். காய்வதற்கு மாலைவரை காத்திருந்தேன். அத்தை இரண்டு முறை மாடிப்படி ஏறிவந்து, "படம் வந்துவிட்டதா ஐயா?" என்று கேட்டுவிட்டு, பூச்சுவேலையைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்காமல் இறங்கிப்போனார்.

மாலையில் முள் 69-ல், பார்வை தொட்டியின் விளிம்பில். பட்டை சுழியத்திலேயே நின்றது. ஒரு விரல் அளவு இடமாகத் தள்ளினேன். 31. அப்படியே கையை எடுத்தேன். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் வெறும் 5 மில்லிமீட்டர் அசைவு. பெட்டியும் ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டு மூன்று விநாடி தாமதித்துத்தான் எண்ணை மாற்றுகிறது. அசை, நிறுத்து, மூன்று எண்ணு, பார். முதல் நாள் நான் சரியான இடத்தைக் கடந்து போயிருந்தாலும், பெட்டி மூச்சுவிடுவதற்குள் அடுத்த இடத்துக்குப் போயிருப்பேன். இந்த முறை பக்கவாட்டில் 31 என்பது 54 ஆயிற்று. உயரத்தில் மயிரிழை ஏற்றியதும் 63. பிறகு எல்என்பியை அதன் பிடிக்குள் மெல்லச் சுழற்றினேன். செயற்கைக்கோளின் செங்குத்தும் நம் வீட்டுச் செங்குத்தும் ஒன்றல்ல. இரண்டும் ஒத்துப்போகும் சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் மட்டும் 63 என்பது 78 ஆனது. பலரும் கேபிள் நேர் கீழே தொங்கினால் அழகு என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பதினைந்து புள்ளிதான் மழைநாளில் படத்தைக் காப்பாற்றும்.

நட்டை முறுக்கும்போது 78 மறுபடி 66-க்கு இறங்கியது. ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் தகடு நகர்ந்துவிடுகிறது. எல்லா நட்டையும் தளர்த்தி, இடம் வலமாக மாற்றி மாற்றிக் கால் சுற்று கால் சுற்றாக முறுக்கி, 77-ல் முடித்தேன். கனெக்டரின் மேல் ரப்பர் டேப் சுற்றி, கேபிள் எல்என்பிக்குக் கீழே ஒரு வளையம் தொங்கியபின் வீட்டுக்குள் நுழையும்படி விட்டேன். மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும்.

ஸ்கேன் ஓடியதும் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். இந்தி, இந்தி, போஜ்புரி, இந்தி. "என்னய்யா, டெல்லியையே கொண்டுவந்துவிட்டாயே?" என்றார். இதை மறைக்கக் கூடாது. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் இடங்கள் ஏலத்தில் போகின்றன. எடுப்பவர்களில் பெரும்பாலோர் இந்திச் சேனல்காரர்கள். சன் டிவியோ விஜய் டிவியோ இதில் இல்லை. மாலைத் தொடர்கள் இல்லாமல் பொழுது போகாத வீடாக இருந்தால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். இரண்டாம் நாளே டிஷ்ஷைப் பழைய பக்கம் திருப்பச் சொல்வார்கள். அத்தைக்கு வேண்டியவை இருந்தன: 2024 ஜனவரி வரை பொதிகை என்ற பெயரில் இருந்த டிடி தமிழ், டிடி நியூஸ், டிடி பாரதி, டிடி ஸ்போர்ட்ஸ். கூடவே ஆகாசவாணி நிலையங்களும் வருகின்றன. டிவியில் வானொலி கேட்பதை முதலில் ஏளனம் செய்தவர், இப்போது காலையில் திரையை அணைக்காமலேயே சமையலறையிலிருந்து கேட்கிறார்.

கிரிக்கெட்டில் எனக்கே தெரியாத லாபம் ஒன்று இருந்தது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய அணி ஆடும் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களின் ஒளிபரப்பை உரிமை வாங்கியவர்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழிக்கும் சொந்த டிடிஎச்சுக்கும் (அதாவது ஃப்ரீ டிஷ்ஷுக்கும்) மட்டும்தான் செல்லும், மற்ற கேபிள்காரர்களுக்குப் போகாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஆட்டம் பார்க்க விரும்பும் தூர்தர்ஷன் ரசிகருக்கு ஃப்ரீ டிஷ்ஷே சரியான இடம்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புகார் எதுவும் வரவில்லை. ஒருநாள் பெருமழையில் பத்து நிமிடம் படம் உறைந்தது. இந்த அலைவரிசைக்கு மழை ஆகாது, கட்டணச் சேவைக்கும் அதே கதிதான். செப்டம்பர் கடைசி வாரத்தில் அத்தையிடமிருந்து தொலைபேசி. மூன்று நாளாகக் காலை 11 மணிக்குக் கொஞ்சம் முன்னால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, ஐந்தாறு நிமிடத்தில் தானே சரியாகிவிடுகிறதாம். வானத்தில் மேகமே இல்லையாம். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆப்பு நகர்ந்துவிட்டதா? வெயிலில் குழாய் விரிந்து மறுபடி இலங்கைப் பக்கம் சாய்கிறதா?

பிறகுதான் நேரம் உறைத்தது. தினமும் ஒரே நேரத்தில், சில நிமிடங்கள் மட்டும் வந்து போகும் பழுதுக்கு நட்டும் ஆப்பும் காரணமாக முடியாது. பழைய காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். செப்டம்பர் 27, 28 வாக்கில் கோவில்பட்டியிலிருந்து பார்த்தால், முற்பகல் 10.55-ஐ ஒட்டிச் சூரியன் சரியாக ஜிசாட்-15-க்குப் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனும் ஒரு பெரிய ரேடியோ இரைச்சல் மூட்டை. அது டிஷ்ஷின் பார்வைக்குள் வரும் அந்தச் சில நிமிடங்கள் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமுங்கிப்போகிறது. பக்கத்து வீட்டுத் தம்பியை மாடிக்கு அனுப்பி, மறுநாள் படம் உடையும் நேரத்தில் டிஷ்ஷைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். எல்என்பியின் நிழல் தகட்டின் கீழ்விளிம்பில், நடுவிலே, அளவெடுத்து வைத்ததுபோல விழுந்திருந்தது. தூக்குக்குண்டால்கூட எனக்கு இவ்வளவு நல்ல சான்றிதழ் கிடைத்திருக்காது.

அத்தையிடம் இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கும், மறுபடி மார்ச் நடுவில் பதினொன்றே காலுக்கு வரும் என்று சொன்னேன். எதுவும் கேட்காமல் தினசரிக் காலண்டரைக் கழற்றிக் குறித்துக்கொண்டார். ராகு காலத்தைப்போல அதையும் நடத்துகிறார். அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிட்டு அரிசி களையப் போய்விடுகிறாராம்.